அக்காவோட 2012 லேப்டாப்புக்கு எந்த ஓஎஸ்? ஒரு வாரம் உக்காந்து பாத்தது

போன மாசம் விழுப்புரம் போயிருந்தப்ப அக்கா பரண்லருந்து ஒரு பைய இறக்கி என் கையில குடுத்தா. உள்ள அவளோட பழைய லேப்டாப். 2012ல பிளஸ் டூ படிச்சப்ப ஸ்கூல்ல கவர்மென்ட் குடுத்த லேப்டாப்தான், அதுலதான் பி.காம் முழுக்க ப்ராஜெக்ட் பண்ணா, 2016 கல்யாண போட்டோ எல்லாமும் அதுலதான் ஏத்தி வெச்சிருந்தா. அக்கா பையன் இப்ப மூணாவது படிக்கிறான், எப்பப் பாத்தாலும் போனும் கையுமா இருக்கான்னு அவளுக்குக் கவலை. "இதுல எதையாச்சும் போட்டு ரெடி பண்ணிக் குடுடா, பெரிய ஸ்கிரீன்ல உக்காந்து விளையாடட்டும், கண்ணாவது தப்பிக்கும்"னா. பையன் பக்கத்துல நின்னு கேட்டது ஒரே கேள்விதான், "மாமா, இதுல கேம் ஓடுமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆச்சு. என்ன பண்ணேன், எங்க தப்பான பக்கம் போனேன், கடைசியில எதுல நின்னேன்னு எழுதி வெக்கிறேன், ஏன்னா இதே மாதிரி லேப்டாப் தமிழ்நாட்டுல எத்தனையோ வீட்டுப் பரண்ல கெடக்கு, நிறைய பேரு எடைக்குப் போடலாம்னு இருக்காங்க, தயவுசெஞ்சு போட்டுடாதீங்க.

முதல்ல மிஷின் என்னன்னு சொல்லிடறேன். இன்டெல் பென்டியம் பி960, 2.2 கிகாஹெர்ட்ஸ், ரெண்டு கோர், 2 ஜிபி டிடிஆர்3 ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 இன்ச் ஸ்கிரீன், 1366க்கு 768. தனி கிராபிக்ஸ் கார்டு கெடையாது, பிராசசருக்குள்ளயே இருக்கிற இன்டெல் ஹெச்டி கிராபிக்ஸ்தான். சாண்டி பிரிட்ஜ்னு சொல்ற தலைமுறை. உள்ள இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், ஆன் பண்ணா டெஸ்க்டாப் வர்றதுக்கு நாலு நிமிஷம், அதுக்கப்பறம் ஒரு ஃபோல்டர திறக்க இன்னும் ஒரு நிமிஷம். பேட்டரி சார்ஜர எடுத்தா பத்து நிமிஷம் நிக்கும்.

தாம்பரம் எடுத்துட்டு வந்து மொத வேலையா செஞ்சது போட்டோவக் காப்பாத்துனது. இத அழுத்திச் சொல்றேன், ஓஎஸ் மாத்துற ஆசையில நேரா ஃபார்மேட் பண்ணப் போயிடாதீங்க. பப்பி லினக்ஸ்னு விண்டோஸுக்குப் பதிலா ஓடற ஒரு இலவச ஓஎஸ்ஸ பென்டிரைவ்ல போட்டு அதுலருந்தே லேப்டாப்ப பூட் (ஆன்) பண்ணேன், அது சின்னது, முழுசா ரேம்லயே ஏறி ஓடும், ஹார்ட் டிஸ்க்க நாம கேட்டாலொழிய தொடாது. அதுக்குள்ளருந்து எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி போட்டேன். ஒரு ஃபோல்டர்ல போய் டிஸ்க் டிக் டிக்னு சத்தம் குடுத்து அப்படியே நின்னுடுச்சு. அதோட மல்லுக்கட்டாம அத விட்டுட்டு மத்ததெல்லாம் முதல்ல எடுத்தேன், டிஸ்க்க ரெண்டு மணி நேரம் ஆற விட்டு அந்த ஃபோல்டருக்கு மறுபடி வந்தேன், இந்தத் தடவ வந்துடுச்சு, நாலு வீடியோ மட்டும் போச்சு. தாலி கட்டுற போட்டோ எல்லாம் இருக்குன்னு அக்காவுக்கு போன் பண்ணிச் சொன்னப்ப கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. காப்பி முடிஞ்சப்பறம் ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க் தன்னோட நிலைமையத் தானே சொல்ற அறிக்கை) எடுத்துப் பாத்தா பெண்டிங் செக்டார் 38. செக்டார்னா டிஸ்க்ல டேட்டா இருக்கிற சின்னத் துண்டு, பெண்டிங்னா படிக்கவே முடியாம காத்துக்கிட்டிருக்கிற செக்டார். அந்த டிஸ்க்க நம்பி இனிமே எதையும் வெக்க முடியாது, பதிமூணு வருஷம் உழைச்ச டிஸ்க், போதும்.

அடுத்தது நிறைய பேரு ஏமாறுற இடம். விண்டோஸ்ல சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ் பாத்தா 32 பிட்னு காட்டும். உடனே இது 32 பிட் லேப்டாப், இதுக்கு 32 பிட் லினக்ஸ்தான் தேடணும்னு முடிவு பண்ணிடறாங்க. அது ஓஎஸ்ஸோட பிட்டு, பிராசசரோடது இல்ல. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்ல 64 பிட் பதிப்பே கெடையாது, 2 ஜிபிக்கு மேல ரேம் போட்டாலும் அது எடுத்துக்காது. ஆனா பி960 நல்ல 64 பிட் சிப்பு. இது இப்ப ரொம்ப முக்கியம், ஏன்னா 32 பிட் கதவ ஒவ்வொருத்தரா சாத்திட்டு வர்றாங்க, 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன்ங்கிற லினக்ஸோட 13வது பதிப்புல 32 பிட் இன்ஸ்டாலரே கெடையாது. லேப்டாப் 64ஆ 32ஆன்னு தெரிஞ்சுக்க லைவ் பென்டிரைவ்ல பூட் பண்ணி டெர்மினல்ல எல்எஸ்சிபியூன்னு அடிச்சா ரெண்டாவது வரியிலயே சொல்லிடும்.

சரி, ஓஎஸ் தேர்வுக்கு வர்றேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, 11க்கு டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்புச் சிப்பு வேணும், இன்டெல்னா எட்டாவது தலைமுறையாவது இருக்கணும், இது ரெண்டாவது தலைமுறை. வெட்டிக் கொறைச்ச விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ (ஓஎஸ்ஸ இன்ஸ்டால் பண்ற ஃபைல்) கெடைக்குது, ஓடவும் ஓடும், ஆனா யாரோ ஒருத்தர் எதை எதையோ கழட்டுன ஓஎஸ்ல அக்கா பேங்க் பாஸ்வேர்டு அடிக்கப் போறா, அத நான் போட்டுக் குடுக்க மாட்டேன். விண்டோஸ் 7லயே விடலாம்னா குரோம் 109ஓட நின்னுடுச்சு, கேம் வாங்கி ஓட்டற ஸ்டீமும் 2024 ஜனவரில அதுக்கு சப்போர்ட்ட நிறுத்திடுச்சு. பழைய லேப்டாப்புக்குன்னு கூகுள் குடுக்கிற குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் நல்ல சாமான்தான், ஆனா 4 ஜிபி கேக்குது, பிளே ஸ்டோர் கேமும் அதுல வராது. ஆக லினக்ஸ்தான்னு ஆச்சு.

வென்டாய்னு ஒரு டூல் இருக்கு, அத ஒரு தடவ பென்டிரைவ்ல போட்டுட்டா அப்பறம் ஐஎஸ்ஓ ஃபைல சும்மா காப்பி பண்ணிப் போட்டாப் போதும், பூட் பண்ணும்போது மெனுவுல எது வேணுமோ தேர்ந்தெடுத்துக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுதி அழிச்சு எழுதி அழிச்சுக் கஷ்டப்பட வேணாம். ஒரு 16 ஜிபி பென்டிரைவ்ல ஆன்ட்டிஎக்ஸ், எம்எக்ஸ் லினக்ஸ் எக்ஸ்எஃப்சிஇ, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, பப்பி நாலையும் போட்டுக்கிட்டேன். நாலும் லினக்ஸ் வகைங்கதான், எக்ஸ்எஃப்சிஇங்கிறது அதுக்கு மேல வர்ற லேசான ஒரு டெஸ்க்டாப்.

என் மனசு ஆரம்பத்துலயே ஆன்ட்டிஎக்ஸ் பக்கம்தான். பழைய லேப்டாப்னா எல்லாருக்கும் முதல்ல வர்ற பேரு அதுதானே. பூட் ஆனதும் பாத்தா 210 எம்பி ரேம்தான் எடுத்திருந்துச்சு, மனசு குளுந்துடுச்சு. மெனு சட்டுனு வருது, ஃபைல் மேனேஜர் தட்டுன உடனே தெறக்குது. வைஃபை மட்டும் புடிக்கல, அந்தச் சிப்புக்கு டிரைவர் தனியா போடணும், அதுக்கு நெட்டு வேணும், நெட்டுக்கு வைஃபை வேணும். இந்த மாதிரி மாட்டிக்கிட்டா ஆண்ட்ராய்டு போன யுஎஸ்பி ஒயர்ல சொருவி யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, லினக்ஸ் அத ஒயர் நெட்வொர்க்கா நெனச்சு உடனே புடிச்சுக்கும், எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம்.

நெட்டு வந்துச்சு, பிரவுசரத் தெறந்தா எந்த சைட்டுக்குப் போனாலும் இது பாதுகாப்பானது இல்லன்னு சிவப்புல காட்டுது. யூட்யூபும் அப்படித்தான், ஜிமெயிலும் அப்படித்தான். அரை மணி நேரம் நெட்வொர்க் செட்டிங்க நோண்டிட்டு அப்பறம்தான் மூலையில இருந்த கடிகாரத்தப் பாத்தேன். ஜனவரி 1, 2011. மதர்போர்டுல இருக்கிற சின்ன பட்டன் பேட்டரி செத்துப் போச்சு, அதனால ஒவ்வொரு தடவ பவர எடுக்கும்போதும் தேதி பின்னாடி போயிடுது, சைட்டோட சான்றிதழ் எல்லாம் அந்தத் தேதிப்படி இன்னும் பொறக்கவே இல்ல, பிரவுசர் சந்தேகப்படாம என்ன பண்ணும். தேதிய சரி பண்ணதும் எல்லாம் தெறந்துச்சு.

அதுக்கப்பறம்தான் எனக்கு உண்மை உறைச்சுது. ஃபயர்ஃபாக்ஸ்ல யூட்யூப் ஒண்ணு, பேப்பர் படிக்கிற சைட் ஒண்ணு, ரெண்டே டேப்தான், 1.4 ஜிபி போயிடுச்சு. மூணாவதா ஒண்ணு தெறந்தேன், மவுஸ் நின்னு நின்னு நகந்துச்சு, அப்பறம் நகரவே இல்ல. பவர் பட்டன அழுத்திப் புடிச்சுத்தான் அணைச்சேன். ஓஎஸ் 200 எம்பி எடுத்தாலும் 800 எம்பி எடுத்தாலும் பிரவுசர் எடுக்கிறத எடுத்தே தீரும். நாம எல்லாரும் ஓஎஸ் சும்மா இருக்கும்போது எவ்ளோ ரேம் எடுக்குதுன்னு ஒரு நம்பர வெச்சே போட்டி போட்டுக்கிட்டிருக்கோம், ஆனா லேப்டாப்ப யாரும் சும்மா வெச்சிருக்கிறதுக்கு வாங்கறதில்ல. மிச்சம் புடிக்கிற 600 எம்பிக்காக அக்காவுக்குப் பழக்கமில்லாத ஒரு டெஸ்க்டாப்பக் குடுத்துட்டு வர்றத விட, அந்த 600 எம்பிய காசு குடுத்து வாங்கிடலாம்னு தோணுச்சு.

சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மவுன்ட் ரோடுலருந்து உள்ள நுழைஞ்சா ரெண்டு பக்கமும் கடை, மாடிப்படிக்கு அடியிலயும் கடை, பழைய லேப்டாப் ரேம கண்ணாடிப் பெட்டியில சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி வெச்சிருப்பாங்க. யூஸ்டு 4 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் 650 ரூபா. கடைக்காரர் ரெண்டு ஸ்டிக் எடுத்து வெச்சு இது பிசி3, இது பிசி3எல், எது வேணும்னாரு. எல் போட்டது 1.35 வோல்ட்லயும் ஓடும் 1.5லயும் ஓடும், அதனால இந்த லேப்டாப்புக்கு ரெண்டுமே ஒத்து வரும். ஆனா அதுக்கடுத்து வந்த சில லேப்டாப்ல எல் மட்டும்தான் போடணும், வாங்கறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற ஸ்டிக்கரப் பாத்துக்கோங்க. 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி 1,450 ரூபா, பட்டன் பேட்டரி 40, தெர்மல் பேஸ்ட் 120. மொத்தம் 2,260 ஆச்சு. ரேம்ல 4 ஜிபி எடுத்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, ரெண்டு ஸ்லாட்லயும் ஸ்டிக் இருந்தா டூயல் சேனல்ல, அதாவது ரெண்டையும் ஒரே நேரத்துல படிச்சு எழுதி ஓடும், 2ம் 4ம்னு அளவு வேறயா இருந்தாலும் ரெண்டு பக்கமும் சமமா இருக்கிற அந்த முதல் 4 ஜிபி டூயல் சேனல்தான். கிராபிக்ஸுக்குன்னு தனி மெமரி இல்லாத லேப்டாப்புல கேம் ஓடுற வேகத்தையே இது மாத்தும், கீழ நம்பர் சொல்றேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பேப்பர விரிச்சு மேசையில உக்காந்தேன். பேட்டரியக் கழட்டி, பவர் பட்டன அரை நிமிஷம் அழுத்திப் புடிச்சு மிச்ச கரண்ட்ட எறக்கிட்டு, அடிப்பக்கம் மூடியக் கழட்டினேன். அந்தக் காலத்து லேப்டாப்புல இது ஒரு வரம், ரேமுக்கும் டிஸ்க்குக்கும் ஒரே மூடி, ரெண்டு ஸ்க்ரூ. ஃபேனுக்குப் போக இன்னும் பதினோரு ஸ்க்ரூ, எந்த ஓட்டைக்கு எதுன்னு மறந்து போவக் கூடாதுன்னு ஒரு வெள்ளப் பேப்பர்ல லேப்டாப் படத்த வரைஞ்சு அந்தந்த இடத்துலயே ஸ்க்ரூவ டேப் போட்டு ஒட்டி வெச்சேன். ஃபேனையும் அந்தச் செம்புக் குழாய் முடியிற சல்லடையையும் பிரிச்சா நடுவுல தூசி இல்ல, துணி. நெஜமாவே கம்பளித் துணி மாதிரி ஒரே பாளமா சாம்பல் கலர்ல இருந்துச்சு, ட்வீசர்ல புடிச்சு இழுத்தா முழுசா வந்துச்சு. காத்து போறதுக்கு வழியே இல்லாம இத்தன வருஷம் இந்த ஃபேன் சுத்தியிருக்கு. பிராசசர் மேல இருந்த பேஸ்ட் காஞ்ச சுண்ணாம்பு மாதிரி பொரபொரன்னு உதுந்துச்சு. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் தொடச்சு, புதுசு ஒரு மொளகு அளவு வெச்சு மூடினேன். முன்னாடி லோடு குடுத்தா 94 டிகிரி போனது, இப்ப 72 தாண்டல. வேகம் கொறைஞ்சதுக்கு இந்தச் சூடும் ஒரு காரணம், பிராசசர் சூடானா அது தன்னத்தானே மெதுவாக்கிக்கும்.

எல்லாம் மாட்டி ஆன் பண்ணா ஸ்கிரீன் கறுப்பு. ஃபேன் சுத்துது, லைட் எரியுது, படம் இல்ல. ரெண்டு ரேமையும் கழட்டி, பழைய ஸ்டிக்கோட தங்கக் கலர் பல்லுங்கள பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சுப் பாத்தா ரப்பர் கறுப்பா ஆச்சு. துணியால தொடச்சுட்டு, சாய்வா உள்ள சொருவி, அடி வரைக்கும் போச்சான்னு பாத்து, அப்பறம் கீழ அழுத்துனா ரெண்டு பக்க கிளிப்பும் டக்குனு ஒட்டுச்சு. அந்த டக்கு சத்தம் முன்னாடி கேக்கல, இப்பதான் கேட்டுச்சு. படம் வந்துடுச்சு, பயோஸ்ல 6 ஜிபின்னு காட்டுச்சு.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நெனக்கிற விஷயத்துக்கு வர்றேன். கேம் ஓடணும்னா ரேம் நம்பரப் பாக்கறதுக்கு முன்னாடி கிராபிக்ஸ் டிரைவர் என்ன குடுக்குதுன்னு பாக்கணும். ஓபன்ஜிஎல்னா கேம் கிராபிக்ஸ் சிப்புகிட்ட படம் வரையச் சொல்ற மொழி மாதிரி. இதே சாண்டி பிரிட்ஜ் சிப்பு விண்டோஸ்ல ஓபன்ஜிஎல் 3.1 வரைக்கும்தான் குடுக்கும். லினக்ஸ்ல மெசான்னு ஒரு ஓபன் சோர்ஸ் டிரைவர் தொகுப்பு இருக்கு, அதுல இதே சிப்பு 3.3 குடுக்கும். இதுல என்ன பெருசான்னு கேக்கலாம். மைன்கிராஃப்ட் ஜாவா 1.17லருந்து ஓபன்ஜிஎல் 3.2 கேக்குது. அதாவது இந்த லேப்டாப்புல விண்டோஸ் இருந்தா தெறக்கவே தெறக்காத ஒரு கேம், லினக்ஸ் போட்டா தெறக்கும். சிப்பு அதேதான், ஒரு டிரான்சிஸ்டர் கூட மாறல. இந்தப் பழைய இன்டெல் சிப்புங்களுக்காக குரோகஸ்னு ஒரு டிரைவரப் புதுசா எழுதி 2021ல மெசாவுல சேத்திருக்காங்க, பத்து வருஷப் பழைய சிப்புக்கு உக்காந்து டிரைவர் எழுதற மனுஷங்க இருக்காங்கன்னு நெனச்சா கையெடுத்துக் கும்பிடத் தோணுது.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. ஓபன்ஜிஎல்லுக்கு அடுத்து வந்த வல்கன் இந்தச் சிப்புல கெடையாது, எந்த லினக்ஸ் போட்டாலும் வராது. இப்ப லினக்ஸ்ல விண்டோஸ் கேம் ஓட்டறதுக்கு எல்லாரும் சொல்ற டிஎக்ஸ்விகே, ப்ரோட்டான் எல்லாம் வல்கன் மேலதான் நிக்குது. அதனால கேமிங் ஓஎஸ்னு பேரு வெச்சு வர்ற எதையும் இதுல போட்டு நேரத்த வீணாக்காதீங்க, அதுல இருக்கிற சிறப்பே இந்தச் சிப்புக்குச் சேராது. பழைய விண்டோஸ் கேம்னா, விண்டோஸ் புரோகிராம லினக்ஸ்ல ஓட்டற வைன்ல இருக்கிற வைன்டி3டி வழியா ஓபன்ஜிஎல்ல ஓட்டலாம், 2004, 2005 வரைக்கும் வந்த கேமுக்கு அது போதும். ஸ்டீம் போட்டுப் பாத்தேன், கேம் தெறக்கறதுக்கு முன்னாடி ஸ்டீம் ஜன்னலே ஒரு பிரவுசர் அளவுக்கு ரேம் எடுத்துச்சு, ஸ்டீமத் தூக்கிட்டேன்.

6 ஜிபி வந்தப்பறம் எம்எக்ஸுக்கும் மின்ட்டுக்கும் நடுவுலதான் போட்டி. எம்எக்ஸ் சும்மா இருக்கும்போது 650 எம்பி, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ 850. எனக்குன்னா எம்எக்ஸ்தான் எடுத்திருப்பேன், அதுல இருக்கிற டூல்ஸ் எல்லாம் கையில எடுத்து வேலை பாக்கிறவனுக்கு அவ்ளோ வசதி. ஆனா இது விழுப்புரத்துல அக்கா கையில இருக்கப் போவுது, நான் பக்கத்துல இருக்க மாட்டேன். மின்ட்ல அப்டேட் வந்தா ஒரு கவசம் படம் கீழ வரும், தட்டினா முடிஞ்சுது, டைம்ஷிஃப்ட் கூடவே வருது, ஏதாவது ஒடஞ்சா நேத்து இருந்த நிலைக்குத் திருப்பிடலாம். மின்ட் 22க்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. பையன் ஏழாவது போற வரைக்கும் கவலை இல்லன்னு மின்ட்டையே போட்டேன். வைஃபையும் டிரைவர் மேனேஜர்ல ஒரு டிக் அடிச்சதும் வந்துடுச்சு.

இன்ஸ்டால் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, எஸ்எஸ்டில இருபது நிமிஷத்துல முடிஞ்சுது, பூட் ஆகி டெஸ்க்டாப் வர 24 செகண்ட். அதுக்கப்பறம் செஞ்ச சில வேலைதான் பலன் குடுத்துச்சு. இசட்ரேம் போட்டேன், ரேம்லயே ஒரு பகுதிய அமுக்கி வெச்சு ஸ்வாப்பா பயன்படுத்தும், இசட்ரேம் டூல்ஸ் பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணி அதோட கான்ஃபிக் ஃபைல்ல ரேம்ல 50 சதவீதம்னும் அமுக்குற முறை இசட்எஸ்டின்னும் குடுத்தேன், இப்ப எட்டு டேப் தெறந்தாலும் மவுஸ் நிக்கல. எக்ஸ்எஃப்சிஇல விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்ல போய் கம்பாசிட்டர அணைச்சேன், நிழல், ஒளி ஊடுருவுற அழகெல்லாம் போயிடும், ஆனா அந்த வேலை கிராபிக்ஸ் தலையிலருந்து எறங்கிடும். யூட்யூபுக்கு ஹெச்264இஃபைன்னு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டேன், யூட்யூப் விபி9ங்கிற முறையில அமுக்கி அனுப்பற வீடியோவ இந்தச் சிப்பு ஹார்டுவேர்ல பிரிக்காது, சிபியூ தலையில விழும், அத ஹெச்264ல அனுப்பச் சொன்னா 720ல நிக்காம ஓடுது. வேகம் வரும்னு சிலர் பிராசசர்ல இருக்கிற ஓட்டைங்கள அடைக்கிற செக்யூரிட்டி மிட்டிகேஷன அணைக்கச் சொல்றாங்க. பேங்க் வேலை பாக்கிற லேப்டாப்புல அத நான் தொடல.

இப்ப கேம். சூப்பர்டக்ஸ்கார்ட்னு ஒரு கார் ரேஸ் கேம முதல்ல போட்டேன், ஓபன்ஜிஎல் 3.3 இருந்தா அதோட நல்ல ரெண்டரர் ஓடும். அழகா இருக்கு, ஆனா செகண்டுக்கு 15 ஃபிரேம்தான் வந்துச்சு. டைனமிக் லைட்டிங்க அணைச்சு, எஃபெக்ட் லெவல 2க்கு எறக்கி, ரெசல்யூஷன 1024க்கு 768 வெச்சேன், 31 வந்துச்சு. இதே செட்டிங்க ஒரு ரேம் ஸ்டிக்கக் கழட்டிட்டும் ஓட்டிப் பாத்தேன், 24தான். 650 ரூபா ஸ்டிக்கு கேமுக்கு என்ன பண்ணுச்சுங்கிறதுக்கு இதுதான் கணக்கு. அடுத்தது லுவான்டி. முன்னாடி மைன்டெஸ்ட்னு பேரு, 2024ல பேர மாத்துனாங்க. கட்டை கட்டையா அடுக்கி வீடு கட்டுற மைன்கிராஃப்ட் மாதிரிதான், காசு கெடையாது, அக்கவுன்ட் கெடையாது, விளம்பரம் கெடையாது. உள்ளயே இருக்கிற கன்டென்ட் பக்கத்துலருந்து வாக்ஸெலிப்ரேன்னு ஒண்ண எறக்கிட்டா மைன்கிராஃப்ட் விளையாடுன பையனுக்கு வித்தியாசமே பெருசா தெரியாது. பாக்கற தூரத்த 80 கட்டைக்கு வெச்சு நிழல அணைச்சுட்டா 40க்கு மேல நிக்குது. மின்ட் ரெபாசிட்டரில இருக்கிறது பழைய பதிப்பு, அதனால ஃப்ளாட்பேக்லருந்து புதுச போட்டேன். இது தவிர பழைய டாஸ் கேம் ஓட்டற டாஸ்பாக்ஸ், ஒரு செஸ், ஹெட்ஜ்வார்ஸ். பிஎஸ்பி கேம் ஓட்டற பிபிஎஸ்எஸ்பிபியும் ஓடுது, ரெசல்யூஷன ஒண்ணுலயே விட்டா பாதி கேம் முழு வேகத்துல போவுது.

வைன்ல அக்காவோட பழைய சிடி ஒண்ணு இருந்துச்சு, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. இன்ஸ்டால் ஆச்சு, ஓடுச்சு, ஆனா ஒரு தடவ கேம் நடுவுல மூடிக்கிச்சு, டெஸ்க்டாப் 800க்கு 600லயே நின்னுடுச்சு. வைன் கான்ஃபிக்ல விர்ச்சுவல் டெஸ்க்டாப்னு ஒரு டிக் இருக்கு, அத அடிச்சுட்டா கேம் ஒரு ஜன்னலுக்குள்ளயே ஓடும், விழுந்தாலும் ஸ்கிரீனத் தொடாது. ஒவ்வொரு பழைய கேமுக்கும் இத முதல்லயே செஞ்சுடுங்க. அக்கா ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல எக்ஸ்பில விளையாடுன பின்பாலையும் போட்டுக் குடுத்தேன். அதுக்கு லினக்ஸ்லயே ஓடற மாதிரி ஓபன் சோர்ஸ் போர்ட் இருக்கு, படம் சத்தம் ஃபைல மட்டும் என்கிட்ட இருந்த எக்ஸ்பி சிடியிலருந்து எடுத்துக் குடுத்தேன்.

தமிழுக்கு நோட்டோ ஃபான்ட் போட்டு, தமிழ்ல அடிக்க ஐபஸ்ல எம்17என் பேக்கேஜ் போட்டு தமிழ்99 கீபோர்டு வெச்சேன், அக்கா காலேஜ்ல அதுலதான் பழகினா. பிடிஎஃப் பாக்க, பிரின்ட் எடுக்க, ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ப பிரவுசர்ல பாக்க எல்லாம் டெஸ்க்டாப்புலயே வெச்சேன். கெளம்பறதுக்கு முன்னாடி டைம்ஷிஃப்ட்ல ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தாச்சு. பேட்டரி மட்டும் அப்படியே இருக்கு, இப்ப பதினஞ்சு நிமிஷம் நிக்குது. நல்ல பேட்டரி கெடைக்கிற வரைக்கும் சார்ஜர்லயே ஓடட்டும், கண்ட பேட்டரிய வாங்கி மாட்ட மனசு வரல.

போன ஞாயிறு எடுத்துட்டுப் போனேன். பையன் பக்கத்துல உக்கார வெச்சு முதல்லயே சொல்லிட்டேன், போன்ல விளையாடற ஃப்ரீ ஃபயர் இதுல வராதுடா செல்லம், இது வேற விளையாட்டுன்னு. மூஞ்சி தொங்கிப் போச்சு. லுவான்டியத் தெறந்து மரத்த எப்படி வெட்டறது, பலகை எப்படி ஆக்கறதுன்னு ஒரு தடவ காட்டுனேன், பத்து நிமிஷத்துல என் கைய மவுஸ்லருந்து எடுத்து விட்டுட்டான். சாயங்காலம் என் லேப்டாப்புலயும் அதே பதிப்பு லுவான்டி போட்டு, என் போன் ஹாட்ஸ்பாட்ல ரெண்டையும் சேத்து, அவன் லேப்டாப்ப சர்வராக்கி நான் உள்ள போனேன். அவன் ஆத்தங்கரையில பலகையில ஒரு ரூம் கட்டி, உள்ள ஒரு கட்டில் போட்டு, சுவத்துல தீப்பந்தம் சொருவி வெச்சிருந்தான். நான் தூரத்துல மரம் வெட்டிக்கிட்டிருந்தேன், வானம் செவந்துக்கிட்டு வந்துச்சு. சமையல்கட்டுலருந்து அக்கா சாப்பிடக் கூப்புடறா, இவன் ஸ்கிரீன விட்டுக் கண்ண எடுக்காம கத்தறான், "மாமா, சீக்கிரம் உள்ள வா, ராத்திரி ஆவப் போவுது, நான் கதவ சாத்தணும்."